எட்டில் நாலு எரிந்தால் போதுமா?

"லேப்டாப்ல மாட்டினா நெட் ஜம்முனு வருதுங்க. உங்க மெஷின்ல மாட்டினாத்தான் வரமாட்டேங்குது. அப்பக் கோளாறு எதுலீங்க?"

ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்கேன் மூன்றும் செய்கிற காப்பியர் மெஷின்களின் சர்வீஸில் இருக்கிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. கேட்கிறவர் பெரும்பாலும் அந்த ஆபீஸின் கம்ப்யூட்டர், நெட்வொர்க் சுவிட்ச் (எல்லா ஒயரும் வந்து சேரும் பெட்டி), கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வெளி ஆளாக இருப்பார். கேள்வி போலத் தொனித்தாலும் அது தீர்ப்புதான். மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒயரைப் பிடுங்குவார், தன் லேப்டாப்பில் செருகுவார், ஏதாவது ஒரு யூடியூப் வீடியோவை ஓடவிட்டுக் காட்டுவார், ஒயரை நம் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பக்கத்தில் நிற்கிற மேனேஜருக்கு இதற்கு மேல் சாட்சியே தேவையில்லை. அதே ஒயர், அதே சாக்கெட். ஒன்றில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. மெஷின்காரன் முழிக்கிறான்.

இந்தச் சோதனை கிட்டத்தட்ட எதையுமே நிரூபிக்காது என்று எங்கள் பையன்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. போன வாரமும் ஒரு ஜூனியர் கரூரிலிருந்து போன் செய்தான். "அண்ணா, லேப்டாப்ல வருதுண்ணா, போர்டு எடுத்துட்டு வரட்டுங்களா?" என்றான். மெஷினின் மெயின் போர்டைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஆனால் ஏன் தொடக் கூடாது என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதற்கு திருப்பூர் கதை முழுதும் வேண்டும்.

திருப்பூர் கதை

ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. பேர் வேண்டாம். கீழே கட்டிங், செக்கிங், பேக்கிங், மாடியில் ஆபீஸ். பழைய கறுப்பு வெள்ளை மெஷின் அங்கே வருஷக்கணக்கில் ஓடி, டிரம்மும் ஃபியூசரும் தேய்ந்து, இனி உதிரி கிடைக்காது என்ற நிலைக்கு வந்த பிறகு கலர் மெஷின் ஒன்றை வாங்கினார்கள். பழையதை நகர்த்திவிட்டு அதே இடத்தில், அதே நெட்வொர்க் சாக்கெட்டில் புதியதை மாட்டினார்கள். அன்றைக்கே ஆரம்பித்தது.

நான் போய்ச் சேர்ந்தது கதையின் கடைசிப் பகுதியில்தான். அதற்கு முன் எங்கள் கம்பெனியிலிருந்தே வேறு வேறு பையன்கள் போய் வந்திருந்தார்கள். எஸ்கலேஷன் என்று என் தலையில் வந்து விழுந்தபோது, கிளம்புவதற்கு முன் கால் ஹிஸ்டரியை உட்கார்ந்து படித்தேன். முதல் கம்ப்ளெயிண்ட்: நெட்வொர்க் கனெக்ட் ஆகவில்லை. போனவன் மெஷின் மெனுவில் நெட்வொர்க் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து '100 ஃபுல்' என்று மாற்றியிருக்கிறான், பிரிண்ட் வந்திருக்கிறது, கால் க்ளோஸ். அடுத்த கம்ப்ளெயிண்ட்: பிரிண்ட் பரவாயில்லை, ஸ்கேன் மட்டும் ஆமை வேகம், பெரிய ஃபைல் என்றால் பாதியில் நின்றுவிடுகிறது. போனவன் ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் இருக்கும் மென்பொருள்) புதிதாக ஏற்றியிருக்கிறான், ஃபோல்டர் பாஸ்வேர்டு மாற்றிப் பார்த்திருக்கிறான், பலனில்லை. கடைசியாக ஸ்டோரிலிருந்து புது மெயின் போர்டு போட்டிருக்கிறார்கள். போட்டதும் பழைய வியாதியே திரும்பிவிட்டது: நெட்வொர்க் கனெக்ட் ஆகவில்லை. கஸ்டமர் தரப்பில் பொறுமை போய்விட்டது. 'மெஷினே ராசியில்லை, திருப்பி எடுத்துக்கோங்க' என்று மெயில் அனுப்பியிருந்தார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் வேறு வேறு நோய். சேர்த்துப் படித்தால் ஒரே நோய்தான், நடுவில் ஒருவன் போட்ட மருந்தால் கொஞ்ச நாள் வேறு முகம் காட்டியிருக்கிறது. புது போர்டு வந்ததும் செட்டிங் எல்லாம் பழையபடி 'ஆட்டோ'வுக்குப் போயிருக்கும்; அதனால்தான் முதல் கம்ப்ளெயிண்ட் அப்படியே திரும்பி வந்தது. போர்டு பழுது என்பதற்கு ஹிஸ்டரியில் எந்தத் தடயமும் இல்லை. இவ்வளவும் பஸ்ஸிலேயே புரிந்துவிட்டது. ஒயரில் என்ன கோளாறு என்பதுதான் புரியவில்லை.

மாடிக்குப் போனபோது மெர்ச்சண்டைசிங் பெண்கள் பேக்கிங் லிஸ்ட்டை பென் டிரைவில் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் வரிசையில் நின்றிருந்தார்கள். சாயங்காலம் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்பணும் என்று மேனேஜர் எனக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே சொன்னார். நெட்வொர்க் பார்க்கும் தம்பியையும் கூப்பிட்டு வைத்திருந்தார். அவர் லேப்டாப்போடு தயாராக இருந்தார். நான் மெஷினைத் திறக்கவில்லை. பின்பக்கம் குனிந்து ஒயர் செருகியிருக்கும் துளையின் பக்கத்தில் இருக்கும் சின்ன லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எரிந்தது. சில நொடியில் அணைந்தது. கொஞ்ச நேரம் இருட்டு. மறுபடி எரிந்தது. போர்டு செத்திருந்தால் அந்த லைட் எரியவே எரியாது. ஒயர் முழுக்க அறுந்திருந்தாலும் அப்படித்தான். இது ஏதோ பேச்சுவார்த்தை ஆரம்பித்து ஆரம்பித்து முறிகிற மாதிரி இருந்தது.

பையிலிருந்து கேபிள் டெஸ்டரை எடுத்தேன். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதனம்தான். இரண்டு துண்டாகக் கழலும். பெரிய துண்டை ஒரு முனையிலும் சின்னதை மறு முனையிலும் மாட்டினால், ஒயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளுக்கும் வரிசையாக லைட் எரிந்து காட்டும். பெரியதை சுவிட்ச் இருக்கிற ரேக்கில் மாட்டிவிட்டு, சின்னதை மெஷின் பக்கத்துச் சாக்கெட்டில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஒன்று எரிந்தது. இரண்டு. மூன்று. அப்புறம் ஒன்றும் இல்லை. நாலுக்கும் ஐந்துக்கும் உரிய நேரம் இருட்டாகவே கடந்தது. ஆறு எரிந்தது. மறுபடி இருட்டு. பிறகு திரும்ப ஒன்று. நெட்வொர்க் தம்பி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "அது போதுமுங்களே. நாலு கம்பி இருந்தா நெட் ஓடும்."

அவர் சொன்னது தப்பில்லை. இந்தத் தொழிலில் பாதிச் சண்டை இப்படித்தான், இரண்டு பேரும் சரியாகச் சொல்லிக்கொண்டே அடித்துக்கொள்வது. வினாடிக்கு நூறு மெகாபிட் வேகத்துக்கு 1-2, 3-6 என்கிற, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஜோடி போதும். மீதி நாலு கம்பி சும்மாதான் கிடக்கும். பழைய மெஷினின் நெட்வொர்க் போர்ட் (ஒயர் செருகும் துளை) நூறோடு நின்றுவிடும்; ஆகவே அதற்கு அந்த ஒயர் குறையில்லாத ஒயர். புது மெஷின் கிகாபிட், அதாவது ஆயிரம் மெகாபிட். சுவிட்சும் இடையில் கிகாபிட்டுக்கு மாறியிருந்தது. 1999-இல் வந்த கிகாபிட் தரம் நாலு ஜோடியையும், எட்டுக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. ஆனால் 'என்ன வேகத்தில் ஓடலாம்' என்று இரண்டு கருவிகளும் முதலில் பேசிக்கொள்வது முதல் இரண்டு ஜோடியில் மட்டும்தான். அங்கேதான் வினை. 'உன்னால் ஆயிரம் முடியுமா?' 'முடியும்.' 'என்னாலும் முடியும், ஆரம்பிக்கலாம்.' கம்பி நல்லபடி இருக்கிற இடத்தில் நின்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, வேலையில் இறங்கும்போது மீதி இரண்டு ஜோடியைத் தேடினால் அங்கே ஆளில்லை. இணைப்பு விழுகிறது. மறுபடி முதலிலிருந்து பேச்சு. மறுபடி ஆயிரம் என்றே முடிவு. பந்தியில் ஆளை உட்கார வைத்து இலையும் போட்டு, பிறகு சோறு இல்லை என்று எழுப்பி, திரும்பவும் கையைப் பிடித்து உட்கார வைக்கிற கதை. நான் பார்த்துக்கொண்டிருந்த லைட் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அப்படியானால் லேப்டாப்பில் எப்படி வந்தது? அதற்கும் அங்கேயே விடை இருந்தது. "தம்பி, உங்க லேப்டாப்ல மாட்டி, ஸ்பீடு எவ்வளவுன்னு செட்டிங்ஸ்ல பாருங்க" என்றேன். பார்த்தார். 100. "கிகாபிட் கார்டுதானுங்களே உங்களுது?" ஆமாம் என்றார், இந்த முறை கொஞ்சம் மெதுவாக. லேப்டாப்புகளில் வரும் பல நெட்வொர்க் சிப்புகளுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. ஆயிரத்தில் முயன்று முயன்று விழுந்தால், தானாகவே ஒரு படி இறங்கி நூறில் ஒட்டிக்கொள்ளும். அந்த மெஷினின் சிப்புக்கோ அந்த சுவிட்சுக்கோ அந்தச் சாமர்த்தியம் இல்லை. சொன்ன பேச்சில் நின்று அடம்பிடித்தன. லேப்டாப் சமாளித்துக்கொண்டது, சமாளித்ததை யாருக்கும் சொல்லவும் இல்லை. வீடியோ ஓடுகிறதா என்று பார்க்கிறவருக்கு நூறும் ஆயிரமும் ஒன்றாகத்தான் தெரியும். ஒயரின் குறையை மறைத்துவிடுகிற கருவியைக் கொண்டே ஒயர் நன்றாக இருக்கிறது என்று இத்தனை நாள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலில் போன பையன் '100 ஃபுல்' வைத்ததும் ஏன் ஸ்கேன் படுத்தது என்பதும் இதன் கூடவே விளங்கிவிடும். பல மெஷின்களில் வேகத்தை நாமாகக் கட்டி வைத்தால் அது எதிர்ப் பக்கத்தோடு பேசுவதையே நிறுத்திவிடும். எதிரில் 'ஆட்டோ'வில் இருக்கும் சுவிட்ச், வரும் சிக்னலைப் பார்த்து நூறு என்பதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் இருவழியா ஒருவழியா என்பதைக் கண்டுபிடிக்க அதற்கு வழியில்லை. விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் பேச்சு, என்று வைத்துக்கொள்ளும். மெஷினோ ஃபுல் டூப்ளெக்ஸில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று, நிற்கிறது. ஒற்றைப் பக்க பிரிண்ட், பிங் ('இருக்கிறாயா' என்று கேட்கும் சின்னச் செய்தி) எல்லாம் தட்டுத் தடுமாறிப் போய்விடும். முப்பது பக்கக் கலர் ஸ்கேன் தொடர்ச்சியாக ஓட ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் மோதிக்கொண்டு, விழுந்ததைத் திரும்பத் திரும்ப அனுப்பி, கடைசியில் டைம் அவுட். 'பிரிண்ட் வருது, ஸ்கேன் வரல' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, யாராவது வேகத்தைக் கட்டி வைத்தீர்களா என்பதுதான்.

சரி, அந்த நாலு கம்பி எங்கே போனது? சுவரிலிருந்த ஐஓ பாக்ஸின், அதாவது சாக்கெட் பெட்டியின், மூடியைக் கழற்றினேன். ஒரு கரப்பான் ஓடியது. ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் சாக்கெட்டில் ஒழுங்காக அமர்ந்திருந்தன. பழுப்பு ஜோடி வெளி உறையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. நீல ஜோடி மட்டும் தனியாகப் பிரிந்து, தூசி படிந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்குள் போய், ஒரு சாம்பல் நிறத் தட்டை ஒயராக வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். கேசிங் கேப்பிங் வழியாக ஜன்னலுக்குக் கீழே ஓடி, பீரோவுக்குப் பின்னால் புகுந்து, அக்கவுண்ட்ஸ் மேஜையில் இருந்த இண்டர்காமில் போய் முடிந்தது. நான் அந்த ஒயரில் கை வைத்ததைப் பார்த்ததும் அக்கவுண்ட்ஸ் அக்கா பதறிவிட்டார். "அதை எடுத்துராதீங்க சார்! எம்டி ரூம்ல இருந்து அதுலதான் கூப்பிடுவாரு."

ஒரே கேபிளில் பாதி கம்ப்யூட்டருக்கு, பாதி டெலிபோனுக்கு. யார் செய்தது என்று கேட்டேன். கட்டிடம் கட்டின காலத்தில் இண்டர்காம் போட்ட ஆள். இப்போது அவரை யாருக்கும் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. டேப்பைப் பிரித்துப் பார்த்தால் கம்பிகளை அத்தனை இறுக்கமாக, அழகாக முறுக்கியிருந்தார். அன்றைக்கு நூறு மெகாபிட் போதும். நீல ஜோடி சும்மா கிடக்கிறது. இன்னொரு கேபிள் இழுத்தால் சுவரைக் கொத்தணும், காசு கேட்கணும். வேலை தெரிந்த ஆள் செய்த வேலைதான் அது. செய்ததை ரேக் கதவின் உள்பக்கம் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் போதும். அதை மட்டும் நம் ஊரில் யாரும் செய்வதில்லை.

அன்று சாயங்காலக் கண்டெய்னருக்காக ஒரு குறுக்கு வழி செய்தேன். நூறு மெகாபிட்டோடு நின்றுவிடும் குட்டி சுவிட்ச் ஒன்றை வாங்கி வரச் சொல்லி, மெஷினுக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவில் வைத்தேன். அந்தக் குட்டி சுவிட்சால் ஆயிரம் பேச முடியாது. ஆகவே இரண்டு பக்கமும் பேசி, நூறில், ஃபுல் டூப்ளெக்ஸில், கௌரவமாக இறங்கி வந்துவிடும். எதையும் கட்டி வைக்க வேண்டியதில்லை. மாட்டிய அடுத்த நிமிஷம் பேக்கிங் லிஸ்ட் வர ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த கிகாபிட் அந்த மெஷினுக்குத் தேவையே இல்லை. ஏ4 தாள் ஒன்றை 600 டிபிஐ-யில், கறுப்பு வெள்ளையில், சுருக்காமல் அப்படியே அனுப்பினாலும் நாலரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நிமிஷத்துக்கு 30 பக்கம் அடிக்கிற மெஷினுக்கு அது வினாடிக்கு இரண்டே கால் மெகாபைட் கூட வராது. நூறு மெகாபிட் லைன் வினாடிக்கு 12 மெகாபைட் வரை தள்ளும். கலர் என்றாலும் சுருக்கி அனுப்பும்போது இடம் தாராளம். வேகம் போதாமல் எந்த ஆபீஸிலும் இந்தப் பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை. தேவைப்படாத வேகத்தைப் பிடிக்கப் போய், இருக்கிற வேகத்தையும் இழக்கிறார்கள்.

யாருடைய ஒயர்?

குட்டி சுவிட்ச் ஒரு ஒட்டுத்தான். அதற்கென்று ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும், ராத்திரி வாட்ச்மேன் மெயினை அணைத்தால் அதுவும் அணையும், என்றாவது ஒருநாள் துடைக்க வருகிறவர் கழற்றிப் போடுவார். ஆகவே இண்டர்காமுக்குத் தனி ஒயர் போட்டு, எட்டுக் கம்பிகளையும் சாக்கெட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அரை நாள் வேலை. அந்த அரை நாள் வேலையை யார் செய்வது என்று முடிவு செய்ய அதைவிட ரொம்ப நாள் பிடித்தது. எங்கள் ஏஎம்சி (வருஷாந்தரப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் நெட்வொர்க் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நெட்வொர்க் தம்பியின் ஒப்பந்தம் சுவிட்சோடு சரி. சுவருக்குள் போகும் ஒயர் கட்டிடத்து ஒயர் என்றார். கட்டிடத்து எலக்ட்ரீஷியன், நான் லைட், ஃபேன், த்ரீ ஃபேஸ் மட்டும்தான் என்றார். இண்டர்காம் கம்பெனியைக் கூப்பிட்டால் இண்டர்காம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். அதுவும் உண்மை. மேனேஜருக்கோ எங்கள் நாலு பேரையும் சேர்த்துத்தான் எரிச்சல். "மெஷின் உங்களுது. சரி பண்ணிக் காட்டினதும் நீங்க. அப்புறம் பில்லு எதுக்குங்க?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு இதில் நெடுநாளாக ஒரு அபிப்பிராயம் உண்டு. எங்கள் கம்பெனியில் பலருக்குப் பிடிக்காத அபிப்பிராயம். மெஷினிலிருந்து சுவிட்ச் வரை போகிற ஒயர் காப்பியர்காரனின் பொறுப்புதான். சட்டப்படி இல்லை, தொழில்படி. யூஎஸ்பி-யில் ஒரே கம்ப்யூட்டரோடு மாட்டி வைத்திருந்த காலத்தில் ஒயர் கெட்டால் நாம்தானே மாற்றிக் கொடுத்தோம்? நெட்வொர்க் என்ற பேர் வந்ததும் கையை உதறிக்கொண்டோம். இதில் வேடிக்கை என்னவென்றால் ஈதர்நெட், அதாவது இந்த ஒயர்வழி நெட்வொர்க் முறை, பிறந்ததே காப்பியர்காரன் வீட்டில்தான். 1973-இல் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் அதை உருவாக்க இறங்கியபோது, அங்கிருந்த ஆல்டோ கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதோடு, அங்கேயே உருவான லேசர் பிரிண்டருக்கு அத்தனை பேரும் பிரிண்ட் அனுப்ப வழி செய்வதும் நோக்கமாக இருந்தது. அதாவது இந்த ஒயர் பிரிண்டருக்காகவும் பிறந்த ஒயர். அதைப் போய் 'எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க' என்கிறோம்.

டோனர், டிரம், ரோலர் என்று கிலோக்கணக்கில் சுமந்து போகிற பையன்களிடம் டெஸ்டரும், ஒயர் முனையில் மாட்டும் நாலு ஆர்ஜே45 தலைகளும், அதை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலும் இருக்காது. கேட்டால் அது ஐடி ஆளுங்க வேலை என்பார்கள். ஆனால் போர்டு மாற்றத் தயங்க மாட்டார்கள். ஒரு மெயின் போர்டின் விலைக்கு ஒரு மாடி முழுக்கப் புதுக் கேபிள் இழுத்துவிடலாம்.

அதற்காக டெஸ்டரைச் சாமியாக்கிக் கும்பிடவும் வேண்டாம். நாலு லைட் எரியாவிட்டால் ஒயரில் குறை என்று அடித்துச் சொல்லலாம். எட்டும் எரிந்தால் ஒயர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அந்த டப்பாவுக்குக் கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பது மட்டும்தான் தெரியும். கலர் வரிசை தெரியாத ஆள், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அடுத்தடுத்து வைத்து இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்துவிடுவார். எட்டு லைட்டும் வரிசை தவறாமல் எரியும். ஆனால் மூன்றாவதும் ஆறாவதும் ஒரே முறுக்கிலிருந்து வந்தாக வேண்டும். அதனால்தான் பச்சை ஜோடியைப் பிரித்து நீலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைக்கிறோம். வேறு வேறு முறுக்கிலிருந்து எடுத்தால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் ஏறும். இரண்டு மீட்டர் குட்டி ஒயரில் (பேட்ச் கார்டு) தெரியாது, நாற்பது மீட்டரில் தெரியும். இன்னொரு கொள்ளை, செம்பு பூசின அலுமினியக் கேபிள். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். விலை மலிவு; சாக்கெட்டில் அழுத்தும்போதே உள்ளுக்குள் முறியும். ஆறு மாசம் கழித்து யாராவது மேஜையை நகர்த்தினால் தெரியவரும்.

இரண்டு ஷெட்டுக்கு நடுவே வெட்டவெளியில் இந்தக் கேபிளைத் தொங்கவிட்டிருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: ஐப்பசிக்கு முன் ஃபைபருக்கு மாறிவிடுங்கள். இடி நேராக விழவே வேண்டாம், பக்கத்தில் விழுந்தாலே மெஷினின் நெட்வொர்க் போர்ட் போய்விடும். பல மெஷின்களில் அந்தப் போர்ட் மெயின் போர்டோடு சேர்ந்தே இருக்கிறது.

ஒயர் மேல் பழி விழும் மற்ற நேரங்கள்

எல்லாவற்றையும் ஒயர் தலையில் கட்டுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. எதிர்ப்பக்க அநியாயமும் நடக்கிறது. நேற்று வரை நன்றாக ஓடிய ஸ்கேன் டு ஃபோல்டர் (ஸ்கேனை நேராகக் கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு அனுப்புவது) இன்று காலை எல்லோருக்கும் இல்லாமல் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் நின்றால், அங்கே ஒயரை ஆட்டிப் பார்ப்பது வீண். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தை ஆட்டிய பிறகு, அதே வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1 புது இன்ஸ்டலேஷனில் வராமல் போனது; பழைய மெஷின்கள் அதைத் தவிர வேறொன்றும் அறியாதவை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ப்ரோ கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பி கையொப்பத்தை (அனுப்புகிறவரைச் சரிபார்க்கும் டிஜிட்டல் முத்திரை) கட்டாயமாக்கியதும் இன்னொரு கூட்டம் மெஷின்கள் திகைத்து நின்றன. ஜிமெயில் 2022 மே கடைசியில் வெறும் பாஸ்வேர்டில் உள்ளே விடுவதை நிறுத்தியபோது ஸ்கேன் டு மெயில் ஊர் முழுக்க நின்றது. அந்த வாரம் எங்கள் போன் ஓயவில்லை. இதில் எதற்கும் ஒயர் பொறுப்பில்லை.

காலையில் வருகிறது, பத்து மணிக்கு மேல் ஆபீஸ் நிறைந்ததும் வருவதும் போவதுமாக இருக்கிறது என்றால், மெஷினின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) யாருடைய மொபைலோ வைஃபை வழியாக வாங்கிக்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். மெஷினின் ஒயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதே முகவரிக்குப் பிங் போடுங்கள். பதில் வந்தால் பதில் சொல்வது வேறு யாரோ. மெஷின் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு உட்கார்ந்திருந்தால் அதற்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் ஆஃப்லைன் என்று காட்டிக்கொண்டே பிங்குக்கு மட்டும் பதில் வந்தால், பிரிண்டர் போர்ட் செட்டிங்கில் எஸ்என்எம்பி (மெஷினின் நிலையைக் கேட்டறியும் வசதி) டிக்கை எடுத்துப் பாருங்கள். இதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் தீருகிற விஷயம்.

திருப்பூரில் கடைசியில் மேனேஜரே இண்டர்காமுக்குத் தனி ஒயர் போட ஆள் வைத்தார். எம்டி கூப்பிடும்போது இடையில் லைன் போய்விடக் கூடாது என்பதற்காக அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தார்கள். நெட்வொர்க் தம்பி வந்து, காசு வாங்காமல், ரேக் முனையிலும் சுவர் முனையிலும் எட்டுக் கம்பிகளையும் உட்கார வைத்தார். பழுப்பு ஜோடிக்கு நீளம் போதாமல் சுவருக்குள்ளிருந்து கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, இண்டர்காம் போட்ட ஆள் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு சுற்று உபரியாக விட்டுவைத்திருந்தார். குட்டி சுவிட்சை எடுத்துவிட்டு மெஷினை நேராக மாட்டினார். லைட் எரிந்தது, அணையவில்லை. அவரே போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பழுது என்று கழற்றி வந்த போர்டை எங்கள் வொர்க்ஷாப்பில் மாட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்க்கிற இன்ஸ்டலேஷனில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மெஷினை அட்டைப்பெட்டியிலிருந்து இறக்குவதற்கு முன் சாக்கெட்டில் டெஸ்டரை மாட்டி, எத்தனை லைட் எரிந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதி, கஸ்டமரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். எட்டும் எரியாவிட்டால் ஒயரைச் சரிசெய்யும் வரை இன்ஸ்டலேஷன் முடியவில்லை என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். சேல்ஸ் ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. மாசக் கடைசிக்குள் இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட் வராவிட்டால் அந்த மெஷின் அவர்கள் டார்கெட்டில் ஏறாது. எட்டில் நாலு எரிந்தால் போதும் என்று எழுதிவிடக் கூடாதா என்று போன மாசமும் ஒருவர் வந்து கேட்டார்.